முதல் செட் யாருக்கு? டென்னிஸில் தொடக்க செட்டைக் கணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2021 அமெரிக்க ஓபன் நினைவிருக்கிறதா? மூன்றாவது சுற்றில் ஜோகோவிச் முதல் செட்டை நிஷிகோரியிடம் டைபிரேக்கில் (6-6 ஆனால் செட்டைத் தீர்மானிக்க ஆடும் தனி கேம்) விட்டார். அடுத்த சுற்றில் புரூக்ஸ்பியிடம் 1-6. காலிறுதியில் பெரெட்டினியிடம் 5-7, அரையிறுதியில் ஸ்வெரேவிடம் 4-6. ஆனால் அந்த நான்கு ஆட்டங்களையும் வென்றது அவர்தான். இறுதிப் போட்டியில் மெத்வதேவிடம் மறுபடியும் 4-6. அந்த முறைதான் ஆட்டமும் சேர்ந்து போனது.

உலகின் முதல்நிலை வீரர் ஒரே தொடரில் அடுத்தடுத்து ஐந்து முறை முதல் செட்டை இழந்திருக்கிறார். "ஆட்டத்தை யார் வெல்வார்?" என்ற கேள்விக்கு நான்கு முறை சரியாகப் பதில் சொன்ன ரசிகர், "முதல் செட்டை யார் வெல்வார்?" என்பதில் அந்த நான்கிலும் தோற்றிருப்பார். இரண்டும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்குத் தனியாக ஒரு கணக்கு வேண்டும். நான் பல ஆண்டுகளாக நோட்டில் எழுதிப் பழகிய முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பள்ளிக் கணக்கு தெரிந்தால் போதும்.

படி 1: ஆட்டத்தின் வாய்ப்பை செட்டின் வாய்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

முதலில் செய்ய வேண்டியது இதுதான், பலர் தவறுவதும் இங்கேதான். ஒரு வீரருக்கு ஒவ்வொரு செட்டையும் வெல்ல 69 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று செட் ஆட்டத்தில் அவர் வெல்லும் வாய்ப்பு சுமார் 77 சதவீதமாகிவிடும். ஐந்து செட் ஆட்டம் என்றால் சுமார் 82. ஆட்டம் நீள நீள, திறமைசாலிக்குத் தவறைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

இதைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து செட் ஆடும் கிராண்ட் ஸ்லாம் ஆண்கள் பிரிவில் "இவர் ஜெயிப்பது 82 சதவீதம் உறுதி" என்று உங்களுக்குத் தோன்றினால், முதல் செட்டுக்கு நீங்கள் தரவேண்டிய எண் 69 மட்டுமே. பத்தில் மூன்று முறை அவர் முதல் செட்டை விடுவார், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

படி 2: பெயரை விடுங்கள், சர்வீஸ் எண்களை எடுங்கள்

ஒரு செட்டில் குறைந்தது ஆறு கேம், அதிகபட்சம் பன்னிரண்டு கேமும் ஒரு டைபிரேக்கும். மாறி மாறி சர்வ் செய்கிறார்கள். ஆக, முதல் செட் என்பது ஒவ்வொருவரும் போடும் நான்கைந்து சர்வீஸ் கேம்களின் கதைதான். யார் பெரிய பெயர், யார் தரவரிசையில் மேலே என்பதைவிட, யார் தன் சர்வீஸை எத்தனை முறை காப்பாற்றுவார், அதாவது தான் சர்வ் செய்யும் கேமை வெல்வார் என்பதே கேள்வி. தரவரிசை 52 வாரப் புள்ளிகளின் கூட்டல். பத்து மாதத்துக்கு முன் வென்ற ஒரு பட்டம் இன்னும் அதில் உட்கார்ந்திருக்கும். இன்றைய சர்வீஸைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

உங்களுக்கு வேண்டியது இரண்டே எண்கள்: தன் சர்வீஸில் அவர் வெல்லும் பாயின்ட் சதவீதம், எதிராளியின் சர்வீஸில் (அதாவது ரிட்டர்னில்) அவர் வெல்லும் பாயின்ட் சதவீதம். ஆண்களுக்கான ஏடிபி, பெண்களுக்கான டபிள்யூடிஏ இரண்டின் அதிகாரப்பூர்வத் தளங்களிலும் ஆட்டப் புள்ளிவிவரம் கிடைக்கும். நேரடியாகக் கிடைக்காவிட்டால் கூட்டிக்கொள்ளலாம். ஒருவர் முதல் சர்வில் 62 சதவீதம் உள்ளே போடுகிறார், அப்படிப் போட்டால் 74 சதவீதம் பாயின்ட் வெல்கிறார், இரண்டாவது சர்வில் 52 சதவீதம் வெல்கிறார் என்றால்: 0.62 × 0.74 = 0.459. 0.38 × 0.52 = 0.198. இரண்டையும் கூட்டினால் 0.657. அதாவது சர்வீஸில் சுமார் 66 சதவீதம்.

எத்தனை ஆட்டம் எடுப்பது? அதே தரையில் கடந்த ஓராண்டு ஆட்டங்கள் போதும். ஐந்தாறு ஆட்டம்தான் இருக்கிறது என்றால் மற்ற தரைகளின் எண்களையும் கலந்து நடுவில் ஓர் எண்ணை எடுங்கள். யாரோடு ஆடிச் சேர்த்த எண்கள் என்பதையும் பாருங்கள். சேலஞ்சர் எனும் கீழ்மட்டத் தொடர்களில் சேர்த்த 68 சதவீதம், மாஸ்டர்ஸ் எனும் மேல்மட்டத் தொடர்களில் 68 ஆக இருக்காது.

ஒரு எண்ணை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்: பிரேக் பாயின்ட் (எதிராளி வென்றால் சர்வீஸ் கேம் பறிபோகும் பாயின்ட்) காப்பாற்றிய சதவீதம். ஓர் ஆட்டத்தில் ஒருவர் ஐந்தாறு பிரேக் பாயின்ட்தான் சந்திக்கிறார். அவ்வளவு சின்ன எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஆடும். அதை வைத்து "நெருக்கடியில் உறுதியானவர்" என்று எழுதுவதை நான் நம்புவதில்லை.

படி 3: இரண்டு பேரையும் மோதவிட்டுப் பாருங்கள்

இந்த வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான், கொஞ்சம் பொறுமையாக வாருங்கள். க, ச என்று இரண்டு வீரர்கள். க-வுக்கு சர்வீஸில் 66, ரிட்டர்னில் 38. ச-வுக்கு சர்வீஸில் 62, ரிட்டர்னில் 36. அந்தத் தரையில் பொதுச் சராசரி சர்வீஸில் 64, ரிட்டர்னில் 36 என்று வைத்துக்கொள்வோம்.

க சர்வ் செய்யும்போது எதிரே நிற்கும் ச-வின் ரிட்டர்ன் சராசரியேதான். அதனால் க-வின் 66 அப்படியே நிற்கும். ச சர்வ் செய்யும்போது எதிரே நிற்கும் க, சராசரியைவிட 2 புள்ளி நல்ல ரிட்டர்னர். அந்த 2-ஐக் கழித்தால் ச-வின் 62, 60 ஆகிறது. இப்படி எதிராளியின் பலத்தைச் சேர்த்துக் கழித்துப் பார்ப்பதுதான் மோதவிடுவது.

அடுத்து பாயின்ட் சதவீதத்தை கேம் சதவீதமாக மாற்ற வேண்டும். இந்தச் சின்னப் பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

சர்வீஸில் 55 சதவீத பாயின்ட் வென்றால், கேமைக் காப்பது சுமார் 62 சதவீதம்
60 என்றால் 74
65 என்றால் 83
70 என்றால் 90

பாயின்ட்டில் ஐந்து புள்ளி ஏறினால் கேமில் ஏழிலிருந்து பன்னிரண்டு புள்ளி வரை ஏறுகிறது. சின்ன வித்தியாசம் எப்படிப் பெருகுகிறது பாருங்கள். நம் க தன் கேமை 85 சதவீதம் காப்பார், ச 74 சதவீதம்.

இனி செட். இதற்கு ஒரு எளிய உத்தி: யார் ஆறை முதலில் தொட்டாலும் நிறுத்தாமல், பத்து கேமும் ஆடி முடித்ததாகக் கற்பனை செய்யுங்கள். ஆளுக்கு ஐந்து சர்வீஸ். அந்தப் பத்தில் ஆறோ அதற்கு மேலோ வென்றவருக்கு செட். ஐந்துக்கு ஐந்து என்றால் இன்னும் இரண்டு கேம், தேவைப்பட்டால் டைபிரேக். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஈருறுப்புப் பரவல் (binomial) சூத்திரம் போட்டால் விடை வந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் பத்து கேமுக்குள் க வெல்வது 51 சதவீதம், ச வெல்வது 20. மீதி 29 சதவீதம் 5-5 வரை போகும். அங்கிருந்து க வெல்வது பத்தில் ஆறு முறை. எல்லாம் சேர்த்து க-வுக்கு 69 சதவீதம்.

இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு செட் டைபிரேக்குக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். டைபிரேக்கில் க-வின் சாதகம் 59 சதவீதம்தான். 2019 விம்பிள்டன் இறுதியில் பெடரர் மொத்தம் 218 பாயின்ட் வென்றார், ஜோகோவிச் 204. ஆனால் முதல் செட் உட்பட மூன்று டைபிரேக்கையும் ஜோகோவிச் எடுத்தார், கோப்பையும் அவருக்கே போனது. இரண்டு பேருமே 70 சதவீதத்துக்கு மேல் சர்வ் செய்பவர்கள் என்றால் உங்கள் எண்ணை 50-ஐ ஒட்டியே வையுங்கள். அசுர சர்வீஸுக்குப் பெயர்போன இஸ்னரைப் போன்றவர்கள் ஆடும் செட்டில் வேறு எண் சொல்வது வீண் துணிச்சல்.

பெண்கள் ஆட்டத்துக்கும் கணக்கு இதேதான், ஆனால் தொடங்கும் எண்கள் வேறு. ஆண்கள் ஆட்டத்தில் ஐந்தில் நான்கு கேம் காக்கப்படுகிறது என்றால், பெண்கள் ஆட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு. அங்கே ரிட்டர்ன் எண்ணுக்குக் கூடுதல் மதிப்பு. 2025 விம்பிள்டன் இறுதியில் ஸ்வியாடெக் அனிசிமோவாவை 6-0, 6-0 என்று வென்றதில், எதிராளியின் சர்வீஸ் கேம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

படி 4: தரையும் காற்றும்

புல்தரையில் பந்து தாழ்ந்து வழுக்கி வரும், சர்வீஸுக்குச் சாதகம். களிமண்ணில் எழும்பி மெதுவாக வரும், ரிட்டர்னருக்கு நேரம் கிடைக்கும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தவறுவது, ஒரே வகைத் தரைக்குள் இருக்கும் வித்தியாசத்தில்தான். மாட்ரிட்டும் பிரெஞ்சு ஓபன் நடக்கும் ரோலண்ட் காரோஸும் களிமண்தான், ஆனால் மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு, பந்து விரைந்து பறக்கும். அங்கே நல்ல சர்வர்களுக்கு இரண்டு புள்ளி கூட்டலாம். கூரை மூடிய அரங்கில் காற்றும் வெயிலும் இல்லாததால் சர்வுக்காகத் தூக்கிப் போடும் பந்து ஆடாது, அங்கேயும் அப்படித்தான். குளிர்ந்த இரவில் களிமண்ணில் பந்து கனத்துவிடும், அங்கே கழிக்க வேண்டும்.

படி 5: முதல் செட்டுக்கு மட்டும் உள்ள விஷயங்கள்

இதுவரை போட்ட கணக்கு எந்த செட்டுக்கும் பொருந்தும். இப்போதுதான் "முதல்" என்ற சொல்லுக்கு வருகிறோம்.

என் நோட்டில் அதிகம் தென்படும் காரணம், அந்தத் தொடரில் யார் ஏற்கெனவே ஆடியிருக்கிறார் என்பது. இண்டியன் வெல்ஸ், மயாமி போன்ற 96 பேர் தொடர்களில் 32 சீட் வீரர்களுக்கும் (தரவரிசைப்படி முன்னிடம் தரப்பட்டவர்கள்) முதல் சுற்று கிடையாது. அவர்கள் இரண்டாம் சுற்றில் முதன்முதலாக இறங்கும்போது, எதிரே நிற்பவர் அதே மைதானத்தில் ஓர் ஆட்டம் ஆடி, பந்து எப்படி எழும்புகிறது என்று கை பழகியிருப்பார். கிராண்ட் ஸ்லாமில் தகுதிச் சுற்றிலிருந்து வருபவர் மூன்று ஆட்டம் வென்றுவிட்டு வருகிறார். திறமை வித்தியாசம் பெரியதாக இருந்தால் இது ஆட்டத்தை மாற்றாது. முதல் நான்கு கேமை மாற்றும், முதல் செட்டுக்கு அது போதும். தரை மாறும் வாரங்களில் இன்னும் கூடுதல்: பிரெஞ்சு ஓபனுக்கும் விம்பிள்டனுக்கும் நடுவே மூன்று வாரம்தான். களிமண்ணில் கடைசிவரை ஆடியவர் புல்லில் முதல் ஆட்டம் ஆடும்போது, முதல் அரைமணி நேரம் கால் எங்கே வைப்பது என்றே தேடுவார்.

அடுத்தது, மெதுவாகச் சூடேறும் வீரர்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. "கடந்த பத்து ஆட்டத்தில் ஏழு முறை முதல் செட்டை வென்றார்" என்பது அவர் நல்ல வீரர் என்று சொல்கிறதே தவிர, நன்றாகத் தொடங்குபவர் என்று சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்க முதல் செட் வெற்றி வீதத்தை அவருடைய மற்ற செட்களின் வெற்றி வீதத்தோடு ஒப்பிட வேண்டும். அதுவும் அறுபது எழுபது ஆட்டமாவது இருந்தால்தான் பேசலாம். அவ்வளவு எண்ணிய பிறகும் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியாது. தெரிகிறவருக்கு மட்டும் இரண்டு, மூன்று புள்ளி கழியுங்கள்.

முதன்முறை சந்திப்பதும் கவனிக்க வேண்டியது. இடக்கையாளர் என்றால் இன்னும் கூர்ந்து பாருங்கள். 30-40, எதிராளிக்கு அட்வான்டேஜ் ஆகிய இரண்டு பிரேக் பாயின்ட்டுகளும் மைதானத்தின் இடப்பக்கத்திலிருந்து சர்வ் செய்யப்படுபவை. அங்கிருந்து இடக்கையாளர் வெளிப்புறமாக வெட்டிப் போடும் சர்வ், வலக்கையாளரின் பேக்ஹேண்டைக் கோட்டுக்கு வெளியே இழுத்துச் செல்லும். நடால் இதையே வைத்து எத்தனை கேமைக் காப்பாற்றியிருக்கிறார்! அந்தச் சுழற்சியை எதிராளி முதல் தடவை பார்க்கிறார் என்றால், முதல் செட்டில்தான் அது அதிகம் உறைக்கும்.

காயத்திலிருந்து திரும்புபவர் பற்றி ஒரே வரி: அவருடைய பழைய எண்களை நம்பாதீர்கள்.

படி 6: டாஸும் புதிய பந்தும்

டாஸ் வென்றவர் சர்வைத் தேர்ந்தெடுக்கலாம், ரிட்டர்னைத் தேர்ந்தெடுக்கலாம், பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம், முடிவை எதிராளியிடமே விடவும் செய்யலாம். முதலில் சர்வ் செய்பவருக்குத்தான் சாதகம் என்று பலரும் நம்புகிறார்கள். நாம் போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: பத்து கேமில் ஆளுக்கு ஐந்து. யார் முதல் என்ற கேள்வியே அதில் வரவில்லை. ஒவ்வொரு கேமும் ஒரே மாதிரி ஆடப்பட்டால் டாஸால் எந்த மாற்றமும் இல்லை. சாதகம் இருந்தால் அது மனதில்தான்: 4-5 என்று பின்தங்கிய நிலையில் செட்டைக் காக்க சர்வ் செய்வது எப்போதும் இரண்டாவது ஆள்.

ஆனால் இரண்டாவது ஆளுக்கும் ஒரு வரம் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. பெரிய தொடர்களில் முதல் ஏழு கேம் முடிந்ததும் பந்து மாற்றுவார்கள். அதன்பின் ஒன்பது கேமுக்கு ஒரு முறை. முதலில் ஏழு என்பது ஏன்? பயிற்சி அடிக்கும் அதே பந்தில்தான் ஆட்டம் தொடங்குகிறது, அதற்காக இரண்டு கேம் குறைத்திருக்கிறார்கள். இப்போது எண்ணிப் பாருங்கள். 1, 3, 5, 7 ஆகிய கேம்கள் முதல் ஆளுக்கு. எட்டாவது கேம், அதாவது பளபளப்பான புதுப் பந்தில் முதல் சர்வ், இரண்டாவது ஆளுக்கு! ஏழாவது கேமில் மயிர் எழும்பிக் கனத்துப்போன பந்தில் முதல் ஆள் சர்வ் செய்கிறார். அடுத்த நிமிடம் எதிராளி புதுப் பந்தைக் கையில் தூக்கிக் காட்டிவிட்டுப் போடுகிறார். முதல் செட்டில் பந்து மாறுவது இந்த ஒரே முறைதான். 3-3 என்று நிற்கும் செட்டில் ஏழாவது கேமை நான் இமைக்காமல் பார்ப்பேன்.

காற்றோ வெயிலோ ஒரு பக்கம் தொல்லை தருகிறதா? முதல் இரண்டு கேமும் ஒரே பக்கத்திலிருந்து சர்வ் செய்யப்படுகின்றன, அடுத்த இரண்டு மறுபக்கத்திலிருந்து. எனவே முதல் கேமையும் இரண்டாவது கேமையும் நேருக்கு நேர் ஒப்பிடலாம். இரண்டாவது கேமையும் மூன்றாவது கேமையும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள்.

படி 7: எவ்வளவு திருத்துவது?

படி 4-க்கான மாற்றம் பாயின்ட் சதவீதத்திலேயே சேர்ந்துவிடும். 5-லும் 6-லும் சேர்ந்த காரணங்கள் எல்லாம் சேர்த்து, செட் சதவீதத்தில் ஐந்து புள்ளிக்கு மேல் நகர்த்தாதீர்கள். நான் எட்டு, பத்து என்று நகர்த்திய காலமும் உண்டு. நோட்டைப் புரட்டினால் அந்தப் பக்கங்கள்தான் மோசமாக இருக்கின்றன. காரணம் கதையாக இருக்கும்போது மனம் அதற்கு அதிக எடை கொடுத்துவிடும். 69 என்று வந்த க, நேற்றுதான் வந்து இறங்கினார், எதிராளி இரண்டு ஆட்டம் ஆடியிருக்கிறார் என்றால் 66 என்று எழுதுங்கள், போதும்.

படி 8: ஆட்டம் தொடங்கிய பிறகு

நேரலையில் பார்க்கிறீர்கள் என்றால் முதல் நான்கு கேமில் ஸ்கோரைவிட மற்ற சிலவற்றைப் பாருங்கள். ரிட்டர்னர் இரண்டாவது சர்வுக்கு எங்கே நிற்கிறார்? முதல் கேமில் கோட்டுக்கு இரண்டு மீட்டர் பின்னால் நின்றவர் மூன்றாவது கேமில் கோட்டின் மேல் ஏறி நிற்கிறார் என்றால், அந்த சர்வை அவர் படித்துவிட்டார் என்று பொருள். சர்வ் செய்பவர் டாஸ் போட்ட பந்தை அடிக்காமல் கையில் பிடிக்கிறாரா? ஒரு கேமில் இரண்டு முறை பிடித்தால் தோளோ மனமோ சரியில்லை. 0-30-லிருந்து மீண்டு காத்த கேமும், நான்கே பாயின்ட்டில் காத்த கேமும் ஸ்கோர்போர்டில் ஒன்றுதான். அடுத்த சர்வீஸ் கேமுக்கு நீங்கள் தரும் எண் ஒன்றாக இருக்கக் கூடாது.

ஒருவர் பிரேக் செய்து 2-0 என்று போனதும் செட் முடிந்த மாதிரி பேசுவார்கள். சமபலம் கொண்ட இருவர், ஐந்தில் நான்கு கேம் காப்பவர்கள் என்றால், 2-0-இல் முன்னிலையில் இருப்பவருக்கு 80 சதவீதம். மூன்றில் இரண்டு பங்குதான் காப்பவர்கள் என்றால் 76. பெரிய முன்னிலைதான், மறுப்பதற்கில்லை, ஆனால் நான்கைந்து முறைக்கு ஒரு தடவை கைநழுவும்.

முதல் செட்டின் ஸ்கோர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆட்டத்தைப் பற்றிய உங்கள் எண்ணத்தை முழுதாக மாற்றிக்கொள்ளாதீர்கள். 2006 பிரெஞ்சு ஓபன் இறுதியில் பெடரர் முதல் செட்டை 6-1 என்று எடுத்தார், நடால் அடுத்த மூன்றையும் எடுத்தார். 2023 விம்பிள்டன் இறுதியில் ஜோகோவிச் முதல் செட்டில் 5-0 வரை போய் 6-1 என்று முடித்தார், கோப்பையை அல்கராஸ் தூக்கினார்.

படி 9: எழுதி வையுங்கள், மதிப்பெண் போடுங்கள்

ஆட்டம் தொடங்கும் முன் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள், தொடங்கிய பிறகு எழுதினால் கணக்கில் சேராது. முடிந்ததும் இப்படி மதிப்பெண் போடுங்கள்: 0.69 என்று எழுதியவர் வென்றால் 1-லிருந்து 0.69-ஐக் கழித்து, வரும் 0.31-ஐ வர்க்கப்படுத்துங்கள்; 0.096. தோற்றால் 0.69-இன் வர்க்கம், 0.476. எண் சிறியதாக இருக்க இருக்க நல்லது. எதுவும் யோசிக்காமல் எல்லா ஆட்டத்துக்கும் 0.50 என்று எழுதுபவருக்கு எப்போதும் 0.25 கிடைக்கும். அதுதான் நீங்கள் தாண்ட வேண்டிய கோடு.

நூறு செட் எழுதும் வரை சராசரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நூறு ஆனதும் 65-லிருந்து 75 வரை எழுதிய செட்களை மட்டும் தனியாகப் பிரித்து, அதில் உங்கள் ஆள் எத்தனை வென்றார் என்று எண்ணுங்கள். எழுபதை ஒட்டி வந்தால் கணக்கு நன்றாக நடக்கிறது. ஐம்பத்தைந்துதான் வருகிறது என்றால், பெரும்பாலும் படி 1-ஐ மறந்திருப்பீர்கள்: ஆட்டத்துக்கான நம்பிக்கையை செட்டுக்குக் கொடுத்திருப்பீர்கள். அடுத்த நூறுக்கு ஒவ்வொரு எண்ணையும் ஐம்பதை நோக்கி நான்கைந்து புள்ளி இழுத்து எழுதிப் பாருங்கள்.